கணவர் கையொப்பம்

திருச்சி சாலையில் நான்கு மாடி உயரத்துக்கு நிற்கிற அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் தட்டி வைத்துவிடுவார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே குளிரூட்டிய கூடம், கூடத்தில் ஆள் உயர டிவி, டிவியில் எந்நேரமும் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியே ஒரு படம். அந்தக் கூடத்தின் மூலையில், கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு மேஜை. அதன்மேல் 'நோயாளி நல ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு பித்தளைப் பலகை. பலகைக்குப் பின்னால் லிடியா உட்கார்ந்திருப்பாள்.

ஒருங்கிணைப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் லிடியாவுக்குச் சிரிப்பு வரும். ஸ்கேன் எடுக்கிறவன் டீ குடிக்கப் போயிருப்பான், அவனைத் தேடிப் பிடித்து இழுத்து வர வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு கீழ்த்தளத்தில் தயாராகி இரண்டு மணி நேரம் தூங்கிக்கொண்டிருக்கும், அதை எழுப்பிக் கொண்டு வர வேண்டும். டாக்டரும் மயக்க மருந்துக்காரரும் காலிப் படுக்கையும் நோயாளியும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் ஒரே மாடியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் செய்ய வேண்டியதை நாலு பேரும் செய்யாமல் இருப்பதற்கு வசதியாக ஐந்தாவதாக ஒருத்தியைப் போட்டு, அவளுக்கு நீளமாக ஒரு பதவியும் கொடுத்து, அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கருக்கலைப்புக்கு வருகிறவர்களை மொத்தமாக லிடியாவின் தலையில்தான் கட்டியிருந்தார்கள். மற்ற ஊழியர்களுக்கு அந்த வேலையைத் தொட மனம் கூசியது. மனம் கூசியவர்களுக்கு வாய் மட்டும் கூசவில்லை. "லிடியாக்கா, அந்தக் கேஸ் ஒண்ணு வந்திருக்கு" என்று வரவேற்பு மேஜையிலிருந்து குரல் கொடுத்தால் கூடமே திரும்பிப் பார்க்கும். அப்படிக் கூப்பிடுவதை நிறுத்த அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

அவள் குடியிருந்தது மேட்டுப்பட்டிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் அவளைத் தவறாமல் நிறுத்துவார். "இன்னும் அந்த வேலதான் பாக்குறியா லிடியா? கடவுளுக்கு அடுக்குமா?" என்பார். போன வருடம் தன் மகளை ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக அழைத்து வந்து லிடியாவின் கையைப் பிடித்து அழுதவர் இதே பெண்மணிதான். வந்தவர்களின் பெயரை வெளியே விடக் கூடாது என்பது சட்டம், லிடியாவுக்கு அது பழக்கமும்கூட. ஆகவே அந்த அம்மாள் தைரியமாகக் கேட்பார், லிடியா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவாள்.

இப்படி ஊரில் உள்ள எல்லோருடைய லட்சணத்தையும் அளந்து வைத்திருந்தவளுக்குத் தன் மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தின்மேல் மட்டும் சந்தேகமே வந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இளவேனில் வந்தாள். வடமதுரையைத் தாண்டி ஒரு நூல் மில்லில் வேலை. வயது இருபத்தெட்டு, இரண்டு பெண் பிள்ளைகள். இடது மணிக்கட்டில் சமீபத்தில் மாவுக்கட்டு பிரித்த தோல் வெளுத்துத் தெரிந்தது. கலைத்துவிட வேண்டும் என்று அவள் சுற்றி வளைக்காமல் சொன்னது லிடியாவுக்குப் பிடித்திருந்தது.

ஸ்கேன் பதினொரு வாரம் மூன்று நாள் என்றது. அந்த ஆஸ்பத்திரிக்குக் கருக்கலைப்புச் செய்ய அனுமதி இருந்தது பன்னிரண்டு வாரம் வரைக்கும்தான். தாண்டினால் மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மதுரை என்றால் மறுபடி முதலிலிருந்து வரிசை, மறுபடி ஸ்கேன், குறைந்தது நாலைந்து நாள் அலைச்சல். மில்லில் சேர்ந்தாற்போல் அத்தனை நாள் வராதவளுக்கு வேலை இருக்காது. மகப்பேறு டாக்டர் வருவதோ புதன், வெள்ளி இரண்டே நாள். ஆக, வெள்ளிக்கிழமையை விட்டால் இங்கே முடியாது.

"வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்று லிடியா கேட்டாள்.

"இல்லக்கா."

"அவர் கையெழுத்து வேணும்மா."

இளவேனில் தன் இடது கையை மேஜைமேல் வைத்தாள். "இத ஒடிச்சதே அவருதான்க்கா. பிரிஞ்சுதான் இருந்தோம். ஊர்ல கூட்டம் போட்டுப் பேசி, சேந்து வாழுங்கன்னு கொண்டாந்து விட்டாக. பத்து நாளு இருந்தாரு. பதினோராம் நாளு கைய ஒடிச்சுட்டுத் திருப்பூருக்கே போயிட்டாரு. மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து, கேஸ் நடக்குது. நான் எப்படிக்கா அவருகிட்டப் போயிக் கையெழுத்துக் கேப்பேன்?"

லிடியா உச்சுக் கொட்டினாள். சேர்ந்து வாழச் சொல்லித் தீர்ப்புச் சொன்ன அந்தப் பெரிய மனிதர்களில் ஒருத்தராவது இந்தக் கூடத்து நாற்காலியில் வந்து உட்காருவாரா என்று மனதுக்குள் திட்டினாள். அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. பாவப்பட்டுக்கொண்டே படிவத்தை எடுத்துக் கடைசி வரியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினாள். 'கணவர் கையொப்பம்' என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் பேனாவால் எழுதி நகலெடுத்த எழுத்தில், 'ஆதார் நகல் இணைக்கவும்.'

"எங்கப்பா போட்டாப் பத்தாதாக்கா? தம்பி இருக்கான், அவன வரச் சொல்லட்டா?"

"கணவர்னுதானம்மா போட்டிருக்கு. ரூல்ஸு. நான் என்ன பண்ணட்டும்? எப்படியாச்சும் வாங்கிட்டு வந்துரு. வெள்ளிக்கெழம காலைல எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வா. மத்தது அம்புட்டையும் நான் பாத்துக்கிறேன்."

இளவேனில் படிவத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். லிடியா தன் நோட்டில் அவளுடைய எண்ணை எழுதி, பக்கத்தில் 'மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும், மில்லில் போன் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள்' என்று குறித்தாள். யாரை எந்த நேரத்தில் கூப்பிடலாம், எடுப்பது அவள்தானா என்று பார்த்துத்தான் பேச வேண்டும். இதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த ஆதார் சங்கதி லிடியாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண், ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டுகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து கணவர் போட்டது என்று கொடுத்துவிட்டாள். இனிஷியல் உதைப்பதைப் பார்த்து லிடியா கண்டுபிடித்தாள். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, இனிமேல் ஏமாற்ற முடியாதபடி படிவத்தில் ஆதாரையும் சேர்த்தாள். நிர்வாகி ஸ்டீபன்ராஜ் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய பொறுப்புணர்வைப் பாராட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். கடிகாரம் மூன்றாம் மாதமே நின்றுபோனது, ஆதார் மட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை டாக்டர் ரீனா வந்தார். முன்பிருந்த பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டதால் மதுரையிலிருந்து புதிதாக வந்தவர், சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெரிய டாக்டர் எந்தக் காகிதத்தையும் பார்க்க மாட்டார், விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். இந்தப் பெண்ணுக்குப் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் இருந்தது.

"திங்கக்கிழமை எடுத்த ஒரு ஸ்கேன் பார்த்தேனே, பதினோரு வாரம் மூணு நாள். அவங்க ஏன் இன்னிக்கு லிஸ்ட்ல இல்ல?"

"ஹஸ்பண்ட் சைன் இல்ல டாக்டர். வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?"

அந்த 'எதுக்கு' லிடியாவுக்கு வேடிக்கையாக இருந்தது. படிப்பெல்லாம் படித்திருக்கிறது, நடைமுறை தெரியவில்லை பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டே படிவத்தை நீட்டினாள். ரீனா அதை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இந்தக் கடைசி வரி எங்கேர்ந்து வந்துச்சு?"

"கவர்ன்மெண்ட் ஃபாரம்தான டாக்டர்?"

"இல்ல. கவர்ன்மெண்ட் ஃபாரம் இது." ரீனா தன் போனை எடுத்துத் திறந்து காட்டினார். "பதினெட்டு வயசு முடிஞ்ச பொண்ணா இருந்தா அவங்க கையெழுத்து மட்டும்தான். புருஷன், அப்பா, அண்ணன் யாரும் வேண்டாம். புருஷனுக்குத் தெரியணும்னுகூட அவசியம் இல்ல. மைனரா இருந்தாத்தான் கார்டியன் கேக்கணும்."

லிடியா போனை வாங்கி இரண்டு முறை படித்தாள். முதலில் அவளுக்கு டாக்டர்மேல்தான் கோபம் வந்தது. வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் பாடம் எடுக்கிறாள் என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் மற்றது உறைத்தது. கையெழுத்து வாங்கி வருகிறேன் என்று போய்த் திரும்பியே வராதவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி அவள் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது, மனசு மாறியிருப்பார்கள் என்று. எவ்வளவு வசதியான நினைப்பு! மனம் மாறியவர்கள் யார், ஊர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள் யார், வேண்டாத பிள்ளையைப் பெற்றவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது. வந்தவர்களுக்குத்தான் அந்த ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்டர் இருந்தது.

"அவங்களக் கூப்பிட்டு, சைன் வேண்டாம், வாங்கன்னு சொல்லுங்க" என்றார் ரீனா.

கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். மில்லில் இருப்பாள், ஆறு மணிக்குமேல் பார்ப்போம் என்று லிடியா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஸ்டீபன்ராஜின் அறைக்குப் போனாள்.

ஸ்டீபன்ராஜ் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். நோயாளிகளை மாணவர்களாகவும் நர்சுகளை உதவி ஆசிரியைகளாகவும் நினைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியை நடத்தி வந்தார். காலையில் மணி அடிக்காததுதான் குறை.

"அது கவர்ன்மெண்ட் ஃபார்மட் சிஸ்டர். நான் இங்க வர்றதுக்கு முந்தியே இருக்கு."

"கவர்ன்மெண்ட்ல இல்ல சார். பாத்துட்டுத்தான் வாரேன்."

"அப்ப பிரஸ்ஸுலதான் கேக்கணும். சும்மாவா அடிச்சிருப்பாங்க?"

அவர் தட்டிக்கழிக்கச் சொன்னதை லிடியா அப்படியே பிடித்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஆட்டோ பிடித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சனாவுல்லாவின் டி.டி.பி. கடைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய அத்தனை படிவமும் அவர் கடையில்தான் அடிப்பது. ஐம்பது வயது மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, வாய் நிறைய மரியாதை.

"வாங்கம்மா, உக்காருங்க. அந்த ஃபாரமா? அது ஒரு பன்னெண்டு வருசம் இருக்குமே" என்று கம்ப்யூட்டரில் தேடினார். "இந்தா இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கும்மா. அப்ப ஒங்க ஆஸ்பத்திரில கண் ஆபரேசன் முகாம் போட்டாக. கண்ணு கட்டோட ஆளு தனியாப் போக முடியாதுல்ல? அதுனால அந்த ஃபாரத்துல அடியில 'அழைத்துச் செல்பவர் கையொப்பம்'னு ஒரு வரி. அடுத்த வாரமே இந்த ஃபாரம் அவசரம்னு வந்துச்சு. கண் முகாம் ஃபைலையே தொறந்து மேல உள்ளத மட்டும் மாத்துனேன்."

"அப்ப 'கணவர்'னு யாரு போட்டா?"

"நாந்தாம்மா." சனாவுல்லாவின் முகத்தில் லேசாகப் பெருமைகூடத் தெரிந்தது. "பொம்பளைக ஃபாரத்துல 'அழைத்துச் செல்பவர்'னு இருந்தா நல்லாவா இருக்கு? யாரோ எவரோன்னு ஆயிருமேன்னு நானா யோசிச்சு 'கணவர்'னு போட்டேன். ப்ரூஃப் அனுப்புனேன். ஒங்க ஆளுக சீல் வச்சு ஓ.கே. போட்டுத்தான் திருப்பி அனுப்புனாக. ஏம்மா, எழுத்து எதுவும் பொடிசா இருக்கா?"

லிடியாவுக்குச் சிரிப்பதா மேஜையில் தலையை முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கண்ணில் புரை எடுத்தவர் சாலையைக் கடக்கத் துணை வேண்டும் என்பதற்காக வைத்த வரி. அதை அழிக்கச் சோம்பல்பட்டு ஒரு மனிதர் அலங்காரம் செய்து வைக்க, ஆஸ்பத்திரியில் ஒருத்தர் படிக்காமல் சீல் குத்த, அதற்கடுத்து வந்தவர்களெல்லாம் அதைச் சட்டம் என்று கும்பிட்டிருக்கிறார்கள். கும்பிட்டவர்களில் முதல் வரிசையில் நின்று, போதாதென்று ஆதாரையும் அதற்கு மாலையாகப் போட்டவள் அவள்தான்.

விஷயத்தைக் கேட்டதும் சனாவுல்லாவின் முகம் சுருங்கிவிட்டது. "யா அல்லா, அந்த ஒரு வரிக்கா பொம்பளைகளத் திருப்பி அனுப்புனீக? என்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேம்மா." உடனே இணையத்திலிருந்த அரசாங்கப் படிவத்தை அவள் முன்னாலேயே எழுத்துக்கு எழுத்து அடித்து, இரண்டு முறை வாசித்துக் காட்டி, ஐம்பது பிரதி எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் படிவத்தை உருப்படியாகப் படித்த இரண்டாவது ஆள் அவர்.

அதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை லிடியாவும், கூடவே இதற்கென்று மதுரையிலிருந்து கிளம்பி வந்த ரீனாவும் ஸ்டீபன்ராஜின் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் பழைய படிவத்தையும் புதிய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப்போலப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா ஒரு வரி இருக்குன்னா, அதுல ஏதாவது ஒரு நன்மை இல்லாமலா இருந்திருக்கும்?"

"யாருக்கு சார்?" என்றாள் லிடியா.

"புருஷன் நாளைக்கு வந்து சட்டையைப் பிடிச்சா யார் பதில் சொல்றது?"

"இதுவரைக்கும் யாராச்சும் பிடிச்சிருக்காங்களா சார்?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து கட்டுப் பிரிக்காத காகிதக் கட்டுகளைக் காட்டினார். "போன மாசம்தான் ஆயிரத்து ஐந்நூறு அடிச்சு அடுக்கியிருக்கு. வீணாக்கலாமா? ஸ்டாக் தீரட்டும், அடுத்த தடவை மாத்திக்குவோம்."

"ஸ்டாக் தீர்றதுக்குள்ள வெள்ளிக்கெழம தீந்துரும் சார்." லிடியாவின் குரல் அறைக்கு வெளியே கேட்டது. "கைய ஒடிச்சவன்கிட்டப் போயி கையெழுத்துக் கேளுன்னு ஒரு பிள்ளைய அனுப்பி வச்சிருக்கேன் நான். ஒங்களுக்குக் காகிதம் வீணாப் போகுதுன்னு வெசனமா இருக்கா?"

ஸ்டீபன்ராஜ் 'மரியாதை' என்று ஆரம்பித்தார். ரீனா குறுக்கே புகுந்தார். "சார், அந்த வரி இருக்கிற பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தா, சட்டத்துல இல்லாததைக் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பறாங்கன்னு நானே சொல்வேன்."

சட்டத்துக்கு மசியாதவர் இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லுக்கு உடனே மசிந்தார். முதலில் 'இந்த ஒரு கேஸுக்கு மட்டும்' என்றார். லிடியா எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, 'சரி, இனிமே எல்லாத்துக்கும்' என்றார். பழைய படிவங்களின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் குறிப்பெழுத வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு முகம் தெளிந்தது.

இளவேனிலின் போன் மட்டும் கிடைக்கவில்லை. புதன் மாலை ஆறு மணிக்கு, ஏழு மணிக்கு, வியாழன் காலை, மத்தியானம், மறுபடி மாலை என்று லிடியா போட்டுக்கொண்டே இருந்தாள். சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப். வடமதுரைக்கு பஸ் ஏறி வீட்டைத் தேடிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி தேடி வந்தால் தெருவே என்ன ஏதென்று கேட்கும், பதில் சொல்லப் போவது இளவேனில்தான். ஆகவே போகவில்லை. அவளால் முடிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலைக்குப் படுக்கை, மருந்து, மயக்க மருந்துக்காரர் என எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஸ்கேன்காரனை எட்டு மணிக்கு டீ குடிக்கப் போகாதே என்று மிரட்டி வைத்தாள். அந்தப் பெண் வந்தால் போதும், கையெழுத்து இல்லை என்று பயந்து வராமல் இருந்துவிடக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். இந்த வேலைக்கு மாதாவைக் கூப்பிடலாமா கூடாதா என்று யாரிடமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு லிடியா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது இளவேனில் அவளுக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, உதடு காய்ந்து, வெகுதூரம் பஸ்ஸில் வந்த முகம். லிடியாவுக்கு உயிர் வந்தது. 'வந்துட்டியாத்தா!' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"வந்துட்டேன்க்கா." இளவேனில் எழுந்து, மடித்திருந்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "வாங்கிட்டேன்."

லிடியா பிரித்துப் பார்த்தாள். கடைசி வரியில் நீல மையில் 'ஆ. அழகுராஜா' என்று இருந்தது. பின்னால் ஆதார் நகல், அதிலும் கையெழுத்து. நல்ல கொழுகொழுவென்று, மீசை வைத்த ஒரு முகம் ஆதாரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா குடுத்தாரு?"

"செவ்வாக்கெழம காலைலயே திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டேன்க்கா. பிள்ளைகள எங்கம்மாட்ட விட்டுட்டுப் போனேன். அவரு வேல பாக்குற பனியன் கம்பெனி வாசல்ல ரெண்டு நாளு நின்னேன். போனு சார்ஜு இல்லாமச் செத்துப் போச்சு. மொத நாளு பாத்தும் பாக்காத மாதிரிப் போனாரு. நேத்து மத்தியானம் ஒரு வக்கீலக் கூட்டிட்டு வந்தாரு. அவுககிட்டயும் ஒரு பேப்பர் இருந்துச்சு. நீ இதுல போடு, நான் அதுல போடுறேன்னாரு."

"என்ன பேப்பரு?"

"புகார வாபஸ் வாங்கிக்கிறேன்னு." இளவேனில் இதைச் சொல்லும்போது குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "அவரு என்னைய அடிக்கவே இல்ல, மாடிப்படில தவறி விழுந்து கை ஒடிஞ்சிருச்சு, கோவத்துல பொய்யா எழுதிக் குடுத்துட்டேன்னு. எங்க வீட்டுல மாடியே கெடையாதுக்கா."

லிடியா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். புதுப் படிவம் மேஜைமேல் இருந்தது. ஒரு நிமிடம் அவளுக்குக் கேவலமான ஒரு யோசனை வந்தது. பழைய படிவத்தையே வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே அனுப்பிவிடலாம். இந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. கொடுத்த விலைக்கு ஏதோ வாங்கி வந்தோம் என்றாவது நினைத்துக்கொண்டு போவாள். ஆனால் ரீனா அதில் கையெழுத்துப் போட மாட்டார். அதோடு, இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு பொய்யை இவள் தலையில் வைக்க லிடியாவுக்கே அருவருப்பாக இருந்தது. புதுப் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இதுல ஒங் கையெழுத்துப் போடும்மா. படிச்சுப் பாத்துட்டுப் போடு."

இளவேனில் பத்தாவது வரை படித்தவள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். அடிவரை போய், காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இதுல அவரு கையெழுத்துக்கு எடமே இல்லையேக்கா?"

"வேண்டாம்மா." லிடியா பழைய படிவத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "சட்டத்துல அது என்னைக்குமே இல்ல. ஒங் கையெழுத்து மட்டும் போதும். திங்கக்கெழமையே போதும். எனக்குப் புதங்கெழமதான் தெரிஞ்சுச்சு. ஒனக்கு எத்தனையோ தடவ போன் அடிச்சேன்."

"அப்ப எதுக்குக்கா கேட்டீக?"

அடிக்காத குறையாக நிர்வாகியிடம் சண்டை போட்டதை, மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடியதை, கண் முகாமை, அச்சகத்தை, சீல் குத்தியவனை என்று சொல்ல லிடியாவுக்கு நிறைய இருந்தது. அதில் ஒன்றும் இந்தப் பெண்ணுக்கு ஆகப்போவதில்லை.

"நாந்தாம்மா கேட்டேன். பேப்பர்ல இருந்துச்சு, கேட்டேன். இத்தன வருசத்துல சட்டத்துல என்ன இருக்குன்னு ஒரு நாளு படிச்சுப் பாக்கல."

இளவேனில் படிவத்திலிருந்து நிமிர்ந்தாள். கத்துவாள், அழுவாள், படிவத்தைக் கிழித்து எறிவாள் என்று லிடியா எதிர்பார்த்தாள், எறிந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"நான் படிச்சுப் பாத்துத்தான்க்கா போட்டேன்" என்றாள் இளவேனில். "ரெண்டு தடவ படிச்சேன். நான் சொன்னது பூராப் பொய்யின்னு எழுதியிருந்துச்சு."

பிறகு, டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு, பேனாவுக்குக் கையை நீட்டினாள்.